இந்தப் பை மக்காது

அக்காவுக்கான இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நூலக மன்றத்துப் பெரியவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! அக்காவின் வழக்கைக் கட்டணம் வாங்காமல் நடத்திய வழக்கறிஞர் அம்மா அவர்களே! முதல் வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் அத்தான் அவர்களே! அக்கா பெற்ற மகளே! வேலையிலிருந்து நேராக, சீருடையோடு வந்து கதவோரம் நிற்கும் துப்புரவுத் தோழர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் என் சந்தைச் சொந்தங்களே! உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் நெருக்கியடித்து நிற்கிறவர்களே! காய்கறிச் சந்தைச் சிறு வியாபாரிகள் சங்கத்தின் சார்பில், கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன் பேசிய நகரமன்றத் தலைவர், பசுமைப் பை நிறுவனத்தின் நன்கொடையில் ஆண்டுதோறும் 'பசுமைச் செம்மல்' என்றொரு விருதை அக்காவின் பெயரால் வழங்கப்போவதாக அறிவித்தார். சிலர் கைதட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன், நல்லெண்ணத்தில் தட்டியிருப்பீர்கள். நான் மேடையேறுவதற்கு முன் அத்தானிடம் குனிந்து, "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர். அதிகம் பேசாதவர். "வேணாம்னு சொல்லிடு. இன்னிக்கு விருதுல அவ பேரைப் போடுவானுங்க, நாளைக்குப் பையிலயே அச்சடிப்பானுங்க" என்றார்.

தலைவர் அவர்களே! குடும்பத்தின் பதில் அதுதான். சங்கத்தின் பதிலும் அதுதான். விருது வேண்டாம்! உயிரோடு இருந்தவரை அவரை நீதிமன்றப் படியேற வைத்தவர்கள், கண்மூடிய பிறகு மாலையோடு வருகிறார்கள். அந்த மாலையும் வேண்டாம்!

ஏன் வேண்டாம்? துக்க வீட்டில் எதற்கு வீம்பு? நியாயமான கேள்வி. பதிலைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

நம் நுகர்வோர் மன்றத் தலைவருக்குப் 'புகார் அக்கா' என்று பெயர் வைத்தது சங்கமல்ல, பத்திரிகையல்ல. வைத்தவர்கள் கெட்டுப்போன பொருளைத் தூக்கிக்கொண்டு அலைந்த வாடிக்கையாளர்கள். பெரிய கடைத்தெருவின் பல்பொருள் அங்காடியில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தப் பிரிவு எங்கே இருந்தது தெரியுமா? கட்டடத்தின் கடைசியில், கழிவறைக்குத் திரும்பும் முடுக்கில் ஒரு மேசை. புகார் சொல்ல வருகிறவன் கண்டுபிடிக்கவே கூடாது என்று அங்கே போட்டிருந்தார்கள். அக்கா என்ன செய்தார்? அட்டையில் அம்புக்குறி வரைந்து வாசலிலிருந்து தன் மேசை வரைக்கும் ஒட்டினார். மேலாளர் கிழித்தார். அக்கா மறுபடி ஒட்டினார். கடைசியில் கிழித்துக் கிழித்துக் களைத்தவர் மேலாளர்தான்!

ஒரு நாள் புதிதாய்க் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம், உத்தரவாதக் காலம் முடிந்த மறுவாரமே நின்றுவிட்டது. "காலக்கெடு முடிந்தது என்று சொல்லி அனுப்புங்கள்" என்பது மேலிட உத்தரவு. அக்கா அவர்களை உட்கார வைத்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே இயந்திரம் செய்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "ஏங்க, போன மாசம் வந்ததும் இதே மாதிரி, உத்தரவாதம் முடிஞ்ச மறுவாரம். உங்க மிஷினெல்லாம் காலண்டர் பார்த்துத்தான் சாகுமா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. இயந்திரம் இலவசமாகச் சரியாயிற்று. மேலாளர் அவரைத் தனியறைக்கு அழைத்து, "நீங்க நம்ம கடை ஆளா, அவங்க ஆளா?" என்று கேட்டாராம். "நான் பில்லுக்கு ஆளுங்க. பில்லுல நாம 'துணி துவைக்கற மிஷின்'னு எழுதிக் குடுத்தோமே, அதுக்கு ஆளு" என்றாராம் அக்கா.

நண்பர்களே! அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கும். சொன்ன சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அது நிற்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு, டயர் பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை பிடித்து நுகர்வோர் மன்றத்தைத் தொடங்கினார். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே பேச்சு நிற்கும். அது நின்றதும், விட்ட சொல்லிலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல் தொடர்வார். அந்த அறையில் உட்கார்ந்து வாதாடிப் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அவரைத் துறவி என்று யாரும் நினைக்க வேண்டாம்! அக்காவுக்குச் செருப்பென்றால் உயிர். உதட்டுச் சாயம் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். நீதிமன்றத்துக்கும் அப்படித்தான் போனார். ஒரு கல்லூரியில் பொறுப்பான நுகர்வைப் பற்றிப் பேசப் போனபோது, மாணவர் ஒருவர் எழுந்து, "உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு நீங்க சிக்கனம் பேசலாமா மேடம்?" என்று மடக்கினார். அக்கா சிரித்துவிட்டு, "தம்பி, நான் வாங்கறதுக்கு எதிரி இல்ல, ஏமாறறதுக்குத்தான் எதிரி. இந்தக் குச்சியை அடி வரைக்கும் சுரண்டிப் பூசிட்டுத்தான் அடுத்தது வாங்குவேன். உன் பழைய போனு நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் மாத்தின?" என்றார். அந்த மாணவர் பிறகு நம் மன்றத்திலேயே சேர்ந்தார். இப்போது அதோ, நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் எப்படி வந்தது? சண்டையில் வந்தது. ஒரு மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பைகள் சாக்கடையை அடைத்துச் சந்தைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில், கையில் செருப்போடு நடந்து வந்து, "யாருய்யா இங்க சங்கத் தலைவர்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நீங்க குடுக்கற பையெல்லாம் அங்க வாய்க்கால்ல நிக்குது, போய்ப் பாருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம்! நனைந்த தக்காளிக் கூடை ஒரு பக்கம், இந்த அம்மா ஒரு பக்கம். "சொல்லிட்டுப் போயிடுவீங்க. வர்றவங்க வெறுங்கையை வீசிக்கிட்டு வர்றாங்க. தக்காளியை என்ன, என் தலையிலயா கட்டிக் குடுக்கறது?" என்று கத்தினேன்.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். அக்கா மறுநாள் விடியற்காலையில் வந்தார். என் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மதியம் வரை வாயே திறக்கவில்லை. வாங்க வருகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது, "நீங்க சொன்னது சரி. தப்பு தராசுக்கு இந்தப் பக்கம் மட்டும் இல்ல" என்றார். எதிராளி சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு காலைப்பொழுதைச் செலவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பிறகு சந்தை வாசலில் வரிசையாகக் கொக்கி அடித்து, வீடுகளில் சும்மா கிடந்த துணிப்பைகளைக் கேட்டு வாங்கித் தொங்கவிட்டோம். பை கொண்டுவராதவர்கள் எடுத்துப் போகலாம், அடுத்த முறை திருப்பி மாட்ட வேண்டும். ஏற்பாடு பிரமாதம்! போன பை மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு வாரத்தில் கொக்கிதான் மிச்சம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்க தம்பி, எடுத்துட்டுப் போனவங்க வீட்டுல இப்ப ஒரு துணிப்பை இருக்குல்ல?" என்றார். உண்மைதான்! மெல்ல மெல்ல அந்தப் பைகளே கைகளில் தொங்கிக்கொண்டு சந்தைக்கு வரத் தொடங்கின. எல்லோரும் மாறவில்லை. பாதிப் பேர் மாறினார்கள். சட்டம் போடாமல், அபராதம் போடாமல், பாதிச் சந்தை!

அப்போதுதான் வந்தது பசுமைப் பை.

நகரமன்றக் கூடத்தில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். நிறுவனத்தின் அதிகாரி திரையில் படம் காட்டினார். பையின் மேல் ஒரு பச்சை இலை, அதன் கீழே 'ஆறே மாதத்தில் மண்ணோடு மண்' என்ற வாசகம். இனிமேல் சந்தையில் இந்தப் பை மட்டும்தான் இருக்க வேண்டும், வியாபாரிகள் தங்கள் செலவில் வாங்க வேண்டும், வேறு பை வைத்திருந்தால் அபராதம் என்று நகரமன்றம் தீர்மானம் வைத்திருந்தது. பசுமைப் பொருளாதாரம் என்றார்கள். நாளைய தலைமுறை என்றார்கள். எதிர்த்துப் பேசினால் நாளைய தலைமுறைக்கே துரோகி என்பது போல ஒரு சூழல்.

அக்கா எழுந்தார். "ஆறு மாசம்ங்கறீங்களே, எந்த மண்ணுல?" என்று கேட்டார்.

அதிகாரி, "ஆய்வுக்கூடத்துல மேடம், உரிய வெப்பத்துல" என்றார்.

"சரிங்க. எங்க ஊரு குப்பைமேட்டுல அந்த வெப்பத்தை யாரு போட்டுத் தருவா?"

கூடம் சிரித்தது. சிரித்து என்ன பயன்? தீர்மானம் நிறைவேறியது. பை எங்கள் தலையில் ஏறியது. சொந்தமாகத் துணிப்பை தைத்து வைத்திருந்த, உருளைக்கிழங்கு விற்கும் என் தங்கை ஒருத்தியிடம், அது 'அங்கீகரிக்கப்பட்ட பை' இல்லை என்று தராசைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். துணிப்பையை, நண்பர்களே! துணிப்பையை!

பெரிய துணிக்கடையில் ஒரு சட்டை வாங்கிப் பாருங்கள். உள்ளே அட்டை, கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம், மேலே ஒரு கண்ணாடித்தாள் உறை, அதற்கு மேல் ஒரு பெட்டி. அந்தக் கடைக்குப் பசுமைச் சான்றிதழ்! தக்காளி விற்கிறவனுக்கு அபராதம்! "பசுமைங்கறது பாரமா இருந்தா, இருக்கறவன் முதுகுல முதல்ல ஏத்து. இல்லாதவன் முதுகுல ஏத்திட்டு, பூமியைக் காப்பாத்திட்டேன்னு கைதட்டிக்காதே" என்று தெருமுனைக் கூட்டத்தில் அவர் முழங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

முழங்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. நகரமன்றத்தை ஒட்டிய பூங்காவின் தோட்டக்காரரிடம் போனார். ரோஜாப் பாத்தியில் ஓரமாக ஒரு இடம் கேட்டார். "தாராளமாப் புதைச்சுக்குங்க. இது நல்லா எரு போட்ட மண்ணு. இதுல மக்கலன்னா அது எதுலயும் மக்காது" என்றார் தோட்டக்காரர். நிறுவனத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, பத்திரிகையாளர் முன்னிலையில், பட்டப்பகலில் பையைப் புதைத்தார். மேலே ஒரு பலகையும் நட்டார். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னக்கா, பை மரம் முளைச்சிடுச்சா?" என்று கேலி செய்வார்கள். "தண்ணி ஊத்திட்டுப் போங்கப்பா, காய்ச்சா உங்களுக்கும் ரெண்டு தர்றேன்" என்பார்.

ஆறு மாதம் முடிந்தது. தோண்டலாம் என்று நாங்கள் குதித்தோம். அக்கா விடவில்லை. "அவங்க சொன்ன கெடு சரியா இல்லாமக்கூட இருக்கலாம். இன்னொரு ஆறு மாசம் குடுப்போம். நியாயம்னா நியாயம்" என்றார். எதிரிக்கும் இரட்டைக் கெடு கொடுத்தவர் அவர்! ஒரு வருடம் மழையும் வெயிலும் அந்தப் பாத்தியின் மேல் விழுந்தன.

தோண்டிய நாளில் பூங்காவில் கால் வைக்க இடமில்லை. தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டார். பை வந்தது. முழுசாக வந்தது! அக்கா அதை வாளித் தண்ணீரில் அலசி உதறினார். அந்தப் பச்சை இலை வெளுக்கக்கூட இல்லை. 'மண்ணோடு மண்' என்ற எழுத்தைப் படிக்க முடிந்தது. என் கடைத் தக்காளியை அதில் அள்ளிப் போட்டு, காதைப் பிடித்துத் தூக்கினார். தாங்கியது! அப்படியே நகரமன்றக் கூடத்துக்குள் நடந்து போய், தலைவரின் மேசையில் வைத்து, "இந்தப் பை மக்காது. மக்கும்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க" என்றார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதற்குத்தான் வழக்கு. நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் என்று, அக்காவின் வீட்டைப்போல ஒரு தெருவையே விற்றாலும் கட்ட முடியாத இழப்பீடு கேட்டார்கள்.

வழக்கு வந்ததும் அறிவாளிகளும் வந்தார்கள். ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் சுற்றுச்சூழல் அறிஞர் ஒருவர், மெத்தப் படித்தவர், நல்ல மனிதரும்கூட, வருத்தத்தோடு சொன்னார்: "அம்மா, நீங்க செய்யறது பிளாஸ்டிக் முதலாளிக்குத்தான் உதவும். குறை இருந்தாலும் இது நல்ல திசையில ஒரு அடி இல்லையா?" கொஞ்சம் யோசிக்க வைக்கும் கேள்விதான். நான்கூட வீட்டில் உட்கார்ந்து, அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயா, போலி மருந்தைப் போலின்னு சொன்னா, நான் வைத்தியத்துக்கே எதிரியா? போலி மருந்து குடிச்சவன் நல்ல மருந்தைத் தேடிப் போகமாட்டான். குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். அதுதான் எனக்குப் பயம்" என்றார். அந்த அறிஞர், "இதை நான் மறுக்கல" என்றார். அந்தப் பெருந்தன்மைக்காக அவரையும் இந்த மேடையில் வணங்குகிறேன்.

வெளியே இப்படி. வீட்டுக்குள்? மகளின் அனுமதியோடு சொல்கிறேன். நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்து, ஒரு வரி மன்னிப்புப் போதும், வழக்கை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிப்போன நாள். நானும் அங்கே இருந்தேன். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவரும் தட்டைத் தொடவில்லை. மகள் அழுதுவிட்டார். "கேட்டுடும்மா. ஒரு வரிதானே? இருக்கற ஒரு வீடும் போயிட்டா அப்பா எங்கம்மா போவாரு?" என்றார். எந்த மகள்தான் அப்படிக் கேட்கமாட்டாள்?

அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிப்புக் கேக்க எனக்கு வெக்கமே இல்லடி. உங்கப்பாகிட்ட தினமும்தான் கேக்கறேன். ஆனா, மண்ணுல இருந்து எடுத்ததை எடுக்கலன்னு சொல்லச் சொல்றாங்களே, அதை எந்த வாயால சொல்றது?" என்றார். எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர், "வீடு போனா டிப்போ பக்கம் வாடகைக்குப் பார்ப்போம். பஸ் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பிறகுதான் மற்றவர்கள் தட்டைத் தொட்டோம்.

வீரம் எங்கே இருக்கிறது, நண்பர்களே? மேடையிலா? அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தது!

வழக்கு நடந்தது. அக்கா ஒவ்வொரு தவணைக்கும் போனார். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும், படிக்கட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போனார். கடைசியில் நம் வழக்கறிஞர் அம்மா கேட்டதை நீதிமன்றம் ஏற்றது. இரு தரப்பும் பார்க்க, நகரத்தின் குப்பைமேட்டிலேயே பையைப் புதைத்து, நீதிமன்றமே நியமிக்கும் நிபுணர் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வழக்கில் ஜெயித்தவர் மாதிரி அல்ல, பரீட்சையில் தான் படித்த கேள்வியே வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

சோதனை தொடங்குவதற்குள் இதயம் அவரைக் கைவிட்டது. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது மூக்கில் குழாய். பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்காவிடம் போய்ப் பேசாதே என்றால் நடக்குமா? என்னைக் குனியச் சொல்லி, "நான் செத்தா அவனுங்களுக்குத்தான் லாபம். இருந்து தொலைக்கணும் தம்பி" என்றார். சொல்லிவிட்டு, செவிலியிடம் கண்ணாடி கேட்டு உதட்டுச் சாயத்தைப் பூசிக்கொண்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அவர் சொன்னது பலித்துவிட்டது. அவதூறு வழக்கில், வழக்குக்கு ஆளானவர் இறந்தால் வழக்கும் முடிந்தது என்கிறார்கள். வழக்கு முடிந்தால் சோதனை உத்தரவும் முடிந்தது. இனிக் குப்பைமேட்டில் யாரும் எதையும் புதைக்க வேண்டியதில்லை. நிபுணர் வர வேண்டியதில்லை. இலையும் வாசகமும் அப்படியே இருக்கலாம், அபராதமும் அப்படியே இருக்கலாம். உடல் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்தின் இரங்கல் செய்தி வந்துவிட்டது. இப்போது விருதும் வந்திருக்கிறது. ஏன் வேண்டாம் என்கிறோம் என்று இப்போது புரிகிறதா? அது விருதல்ல, மூடி! ஒரு கேள்வியின் மேல் போடப்படும் மூடி!

அக்கா போய்விட்டார். கேள்வி போய்விட்டதா? எந்த மண்ணில் என்று அவர் கேட்டாரே, அதற்குப் பதில் வந்துவிட்டதா?

நேற்று மாலை சந்தை முடிந்ததும் சங்கம் கூடியது. ஒரு முடிவு எடுத்தோம். கூட்டத்துக்கு வருவதற்கு முன் வழக்கறிஞர் அம்மாவிடம் சொன்னேன். "யோசிச்சுப் பேசுங்கண்ணா, அவங்க சும்மா விடமாட்டாங்க" என்றார். "விடக் கூடாதுன்னுதாம்மா பேசப்போறேன்" என்றேன்.

அவையோரே! பத்திரிகை நண்பர்களே! பேனாவைத் திறந்துகொள்ளுங்கள். காய்கறிச் சந்தைச் சிறு வியாபாரிகள் சங்கத் தலைவராகிய நான், முழு நினைவோடு, ஒலிபெருக்கியில், நகரமன்றத் தலைவர் முன்னிலையில் சொல்கிறேன். இந்தப் பை மக்காது! மக்கும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்!

அக்கா சொன்னதை மட்டும் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இனி நிறுவனம் தீர்மானிக்கட்டும். என்மீது வழக்குப் போட்டால் அதே நீதிமன்றத்தில் அதே சோதனையைக் கேட்போம். போடாவிட்டால், நான் சொன்னது உண்மை என்று ஊர் எடுத்துக்கொள்ளும். எனக்கும் இதயம் இருக்கிறது, அதுவும் ஒரு நாள் நிற்கும். அதனால்தான் நான் மட்டும் சொன்னால் போதாது என்று சங்கம் முடிவெடுத்தது. மேடைக்குக் கீழே பாருங்கள். பூங்காத் தோட்டக்காரர் நிற்கிறார். துப்புரவுத் தோழர்கள் நிற்கிறார்கள். அக்காவின் மகள் எழுந்து வரிசைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால், தராசைப் பறிகொடுத்த என் தங்கை நிற்கிறாள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, முகவரியைச் சொல்லி, அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லப்போகிறார்கள். எத்தனை பேர்மீது வழக்குப் போடுவார்கள் என்று பார்த்துவிடுவோம்!

எங்கள் அஞ்சலி இதுதான். கண்ணீரை வீட்டுக்குப் போய் விட்டுக்கொள்கிறோம்.

ஏறி வா, தங்கச்சி. இந்தா மைக்கு. பயப்படாம, சத்தமாச் சொல்லு.